பக்கத்து நாற்காலி

படிக்க நல்ல இடம் எது என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரைக் கேட்டாலும் மணிக்கட்டில் கிடக்கும் கைப்பட்டையைத்தான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் நானே பதில் சொல்வேன். அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. நடுவில் ஒரு பேராசிரியருடன் சண்டையும் போடவேண்டியிருந்தது. சண்டை எனக்குப் புதிதில்லை. பெயர் மங்கையர்க்கரசி, இயற்பியல் முதுநிலை இறுதியாண்டு, ஊர் அருப்புக்கோட்டை. அரசி என்று கூப்பிட்டால் போதும்.

ராமநாதபுரத்துப் பொட்டலில் சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டுக் கட்டிய வளாகம் இது. கண்ணுக்கெட்டிய தூரம் கட்டடங்கள்தான், ஆனால் உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஆவியாகிப் போய்விடுவார்கள் என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் நூலகத்தில் நாற்காலிக்குத் தினமும் அடிதடி. பஸ் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்து சீட்டுப் பிடிக்கிற நம் ஜனங்களின் பழக்கம் அப்படியே நூலகத்துக்குள் நுழைந்திருந்தது. கதவு திறந்ததும் ஓடிப்போய் நாற்காலிகளில் கர்ச்சீப், துப்பட்டா, டிபன் பாக்ஸ் என்று எதையாவது போட்டுவிட்டு ஆள் காணாமல் போய்விடும். ஒருமுறை ஒற்றைச் செருப்பு ஒன்று மதியம்வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கூத்தை நிறுத்துவதற்காக வந்ததுதான் ‘ஆசனம்’. கணினித் துறை செய்தது. எல்லோருக்கும் ஒரு கைப்பட்டை கொடுத்தார்கள். நாடித் துடிப்பையும் தோலின் சூட்டையும் வைத்து, மனம் புத்தகத்தில் ஊன்றியிருக்கிறதா, வெளியே மேய்கிறதா என்று அது கண்டுபிடித்துவிடும். யாருக்கு எந்த இடத்தில் படிப்பு ஏறுகிறது என்று கொஞ்ச நாள் கவனித்தது. பிறகு தினமும் சாயங்காலம் மணிக்கட்டில் ஒரு துடிப்பு வரும். இன்ன கட்டடம், இன்ன நாற்காலி என்று எழுத்து ஓடும். அந்தக் கட்டடத்தின் கதவு அந்தப் பட்டைக்குத்தான் திறக்கும். வேறு எங்கும் போய் முட்டினாலும் திறக்காது.

ஆரம்பத்தில் எனக்கு அதைப் பிடிக்கத்தான் செய்தது. முதல் வருடம் முழுக்க என்னைப் பழைய நூலகத்தின் மூன்றாவது ஜன்னலோரம் உட்கார வைத்தது. எதிரே தாவரவியல் பெண் ஒருத்தி, இலைகளைப் படம் வரைந்துகொண்டே இருப்பாள். ஒரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த வருடம் நான் படித்தது போல எந்த வருடமும் படிக்கவில்லை. துறையில் முதல் மதிப்பெண் என்னுடையது.

இறுதியாண்டு ஆடி மாதத்தில் ஆசனத்துக்கு என்ன வந்ததோ, என்னைக் கேன்டீனின் பின்கட்டுக்கு அனுப்பியது. பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒரு பக்கம் கடகடக்கும், சாம்பார் வாசனை மறுபக்கம் வயிற்றைக் கிள்ளும். அங்கே ஒரு மேசையில் மூன்று பையன்கள். மூன்று பேருக்கும் சேர்த்து அரியர் பேப்பர்களை அடுக்கினால் ஒரு பட்டமே வாங்கிவிடலாம். அவர்களில் ஒருவன் பெனடிக்ட், தங்கச்சிமடத்துப் பையன், இரண்டாமாண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “அக்கா, தப்பான எடத்துக்கு வந்துட்டீங்க போல” என்றான்.

“பட்டை இங்கதான் காட்டுது.”

“அப்ப பட்டை லூசாயிருச்சுக்கா.”

நான் அப்படி நினைக்கவில்லை. நம்மைவிட அதற்குத் தெரியும் என்று உட்கார்ந்தேன். அங்கே ஒரு மாதம். அடுத்து எந்திரவியல் பட்டறை வராந்தா. அப்புறம் விளையாட்டுத் திடல் ஓரத்து ஓய்வறை. மறுபடி கேன்டீன். எங்கே போனாலும் அக்கம்பக்கத்தில் படிப்பு வராத ஒரு கூட்டம் இருக்கும். நான் புத்தகத்தைத் திறப்பேன். ஒரே வரியை நான்கு தடவை வாசிப்பேன். கண் ஓடும், மண்டையில் ஏறாது.

எனக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. கார்த்திகையில் ஆராய்ச்சி நுழைவுத் தேர்வு. தேறினால் ஒளியியல் ஆய்வகத்தில் நான்கு வருடத்துக்கு எனக்கென்று ஒரு மேசை. தேறாவிட்டால் என்ன என்பதை அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். “இந்த ஒரு வாட்டிதாம்மா. இல்லன்னா ஜாதகத்த வெளிய எடுத்துருவேன்.” அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்வார்.

புரட்டாசியில் நடந்த மாதிரித் தேர்வில் நான் பாதியைக்கூடத் தாண்டவில்லை. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு கேன்டீனுக்குப் போனால், பெனடிக்ட் ஒரு பொட்டலம் மைசூர்பாகுடன் நிற்கிறான்.

“அக்கா, நாலு பேப்பர் க்ளியர்! இவனுங்க ரெண்டு பேரும் மூணு மூணு!”

“சந்தோஷம்டா. நல்லாப் படிச்சிருக்க.”

“நாங்க எங்கக்கா படிச்சோம்? நீங்க பக்கத்துல உக்காந்து படிக்கிறதப் பாத்தா எங்களுக்கே ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு, நாங்களும் படிச்சோம். நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் இதே மேசை, இதே நாற்காலி. ஒண்ணும் ஏறல.”

மைசூர்பாகு வாயில் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு மட்டும் உள்ளே ஏதோ கசந்தது. பட்டறை வராந்தாவில் என்னோடு உட்கார்ந்த கூட்டமும் அந்தத் தடவை தேறியிருந்தது. திடல் ஓரத்துப் பெண்களும் தேறியிருந்தார்கள். போன இடமெல்லாம் எல்லோருக்கும் படிப்பு வந்திருக்கிறது, என்னைத் தவிர.

மறுநாள் நேராக ஆசனத்தின் தலைவி டாக்டர் சுகிர்தாவின் அறைக்குப் போனேன். கெட்டிக்காரி. மாணவர்களிடம் கதவை மூடாதவர் என்று பெயர். நான் விஷயத்தைச் சொன்னதும் மறுக்கவே இல்லை.

“உக்காரு. நீ கேட்டது சரிதான். ஆசனம் உன்னை உனக்காக அனுப்பல.”

“பின்ன யாருக்காக மேடம்?”

“பாரும்மா, நாங்க அதுகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னோம். வளாகத்துல எல்லாரும் சேந்து எவ்வளவு ஊன்றிப் படிக்கிறாங்களோ, அந்த மொத்தத்தக் கூட்டு. நல்ல இடம்னா வெளிச்சம், காத்து, அமைதின்னுதான் நாங்க நெனச்சோம். மொதல்ல அதுவும் அப்படித்தான் பிரிச்சுது. அப்புறம் அதுவா ஒண்ணக் கண்டுபிடிச்சுது. வெளிச்சத்தவிட, காத்தவிட, பக்கத்து நாற்காலில யாரு இருக்காங்கங்கறதுதான் முக்கியம். சில பேரு உக்காந்தா சுத்தி இருக்கவங்க படிக்க ஆரம்பிச்சிருவாங்க. அவங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா படிச்சாப் போதும். இந்த வளாகத்துல அப்படி நாப்பது பேரு இருக்கீங்க. எங்க லேப்ல உங்கள உறைமோர்னு சொல்லுவோம்.”

“உறைமோரா?”

“பால்ல ஒரு கரண்டி விட்டா மொத்தமும் தயிராகுதுல்ல? அது மாதிரி.”

பெருமைப்படச் சொல்கிறாரா, சமாதானம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஊத்துன மோரை யாரும் திருப்பி எடுக்கறதில்ல மேடம். எனக்குக் கார்த்திகையில பரீட்சை.”

“தெரியும். உன்னோட ஊன்றல் பாதியாக் கொறஞ்சிருக்கு. ஆனா நீ ஒருத்தி இழக்கறதுக்குப் பதிலா நாலு பேரு ஏறுறாங்க. கணக்குப்படி அது லாபம்.”

“என்னோட கணக்குல?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “போன வருஷமே உங்க நாப்பதுல சில பேர இப்படி அனுப்புச்சு. அதுல ரெண்டு பேரு படிப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க. காரணம் தெரியலன்னு அறிக்கையில போட்டோம்.”

“காரணம் தெரியும்ல மேடம்?”

“தெரியும்.”

“அப்ப பரீட்சை வரைக்கும் என்னை மட்டும் விட்டுருங்க. எனக்கு எது நல்ல இடமோ அங்க அனுப்புங்க.”

“உனக்கு நல்ல இடம் எதுன்னும் அதுக்குத் தெரியும்.” திரையை என் பக்கம் திருப்பினார். பழைய நூலகம், மூன்றாவது ஜன்னல். இரண்டு புள்ளிகள் எதிரெதிரே ஒளிர்ந்தன. “இது மொத வருஷம். இந்தப் புள்ளி நீ. எதிர்ல இருக்கறதும் உன்ன மாதிரி இன்னொரு உறைமோர். உனக்கு அவ, அவளுக்கு நீ. ஆனா ரெண்டு பேரையும் ஒரே மேசையில வச்சா ஆசனத்துக்கு நட்டம். அதான் பிரிச்சிருச்சு. ஒருத்திக்காக நான் கைய வச்சா நாளைக்கு எல்லாரும் வருவாங்க அரசி. அது நியாயமில்ல.”

நியாயம் என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. என்னைக் கேட்கவே இல்லையே என்பதுதான் என் கோபம். எழுந்து வந்துவிட்டேன்.

வந்தவள் நேராகத் தாவரவியல் துறைக்குப் போனேன். இலை வரைகிற பெண் என்றதும் காட்டிவிட்டார்கள். பெயர் சந்தனமாரி, ஊர் ஸ்ரீவைகுண்டம். ஒரு வருடம் எதிரே உட்கார்ந்தவளிடம் அன்றுதான் முதல்முறையாகப் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அடப்பாவிகளா! எனக்குத்தான் மூளை மழுங்கிப் போச்சுன்னு பிள்ளையாருக்கு நேந்துகிட்டேன். ரெண்டு பேப்பர்ல செம அடி. நீ பேனா மூடியக் கடிப்பேல்லா, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் படிப்பு ஓடும், கேட்டியா?”

“நான் பேனா மூடியக் கடிப்பேனா?”

“எலி கணக்கா கடிப்ப.”

பட்டை இல்லாமல் எந்தக் கூடமும் திறக்காது. பட்டையோடு போனால் அது சொன்ன இடத்துக்குத்தான் போக முடியும். கதவே இல்லாத இடம் ஒன்று வேண்டும். சந்தனமாரிக்குத் தெரிந்திருந்தது. தாவரவியல் கண்ணாடிக் குடிலுக்குப் பின்னால், மோட்டார் அறை நிழலில் ஒரு சிமென்ட் மேடை. மோட்டார் இரைச்சல், கொசு, மூன்று மணிக்கு மேல் முதுகைச் சுடும் வெயில். வளாகத்திலேயே இதைவிட மோசமான இடம் கிடையாது. ஒரு சாயங்காலம் சோதித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். நிமிர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மூன்று பாடம் முடித்திருந்தேன்.

ஆனால் அதை ஒரு நாளைக்குமேல் செய்ய முடியாது. பட்டை தன் நாற்காலிக்கு வராவிட்டால் விடுதிக் காப்பாளருக்குச் செய்தி போகும், மூன்று முறை ஆனால் தேர்வு எழுதும் அனுமதியே கேள்வியாகிவிடும். மறுநாள் கேன்டீன் மேசையில் அதைச் சொன்னேன். பெனடிக்டிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் இல்லாவிட்டால் இழப்பு அவனுக்குத்தான்.

அவன் முகம் வாடிவிட்டது. “நீங்க போயிட்டா நாங்க பழையபடி ஆயிருவோமேக்கா. எனக்கு இன்னும் ரெண்டு பேப்பர் கிடக்கு.”

“தெரியும்டா. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் போகணும்.”

கொஞ்ச நேரம் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டினான். “பட்டையக் குடுங்க.”

“என்னது?”

“நான் கட்டிக்கிறேன். ஒரு கையில என்னுது, ஒரு கையில உங்களுது. நாடி துடிச்சாப் போதும்ல, யாரு நாடின்னு அதுக்கு என்ன தெரியும்? பஸ்ஸுல சீட்டுப் போட்டு வைக்கிற மாதிரிதான். நீங்க போய்ப் படிங்க.” அப்புறம் காலி நாற்காலியைப் பார்த்தான். “உங்க கர்ச்சீப்பையும் போட்டுட்டுப் போங்க. காலியாக் கிடந்தா எவனாவது உக்காந்து கதையளப்பான்.”

நீலக் கட்டம் போட்ட என் கர்ச்சீப்பை அந்த நாற்காலியில் விரித்தேன். அங்கே இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

சந்தனமாரியின் பட்டையை அவள் மேசையிலேயே உட்காரும் விடுதித் தோழி கட்டிக்கொண்டாள். நல்லவேளையாக ஆசனமும் அதற்குள் யாரையும் இடம் மாற்றவில்லை. நாங்கள் இருவரும் தேர்வு வரை மோட்டார் அறைப் பக்கம்தான். பேச்சு அதிகம் கிடையாது. அவள் இலை வரைவாள், நான் மூடி கடிப்பேன். மழை பிடித்தால் குடிலின் ஓரத் தகரத்துக்கு அடியில் ஒண்டிக்கொள்வோம். என்னை எனக்கே திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

தேர்வு எழுதினேன். நன்றாகவே எழுதினேன். வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. முடிவு வந்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர், “சரி, அந்த ஜாதகம் உள்ளயே கிடக்கட்டும்” என்றார். அப்பாவின் மொழியில் அது பெரிய பாராட்டு.

அடுத்த வாரம் டாக்டர் சுகிர்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? நீ பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல. பரீட்சையிலயும் தேறிட்ட, ஆசனத்துலயும் சாதனை பண்ணிட்ட. உன்னச் சுத்தி இருந்தவங்களோட ஊன்றல் இதுவரைக்கும் யாருக்கும் வராத உச்சம். நீ சும்மா படிச்சப்ப வந்ததவிட ரொம்ப அதிகம். அதவிட ஆச்சரியம் ஒண்ணு இருக்கு.” திரையில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓடின. “உன் நாடியும் பெனடிக்ட்னு ஒரு பையன் நாடியும் துளிகூட வித்தியாசம் இல்லாம ஒண்ணாத் துடிச்சிருக்கு. சேந்து படிச்சா ரெண்டு மனசு இவ்வளவு ஒத்துப்போகும்னு உலகத்துக்கே தெரியாது. கட்டுரை அனுப்பிட்டேன்.”

நான் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“என்னம்மா?”

“மேடம், அது ரெண்டும் ஒரே ஆளு. என் பட்டையக் கட்டியிருந்தது அவன்தான். நான் அந்தப் பக்கமே வரல.”

அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. முதலில் கோபம். அப்புறம் கட்டுரையின் நினைவு. அப்புறம் திரையை மறுபடி பார்த்தார், வெகு நேரம் பார்த்தார்.

“அப்ப அந்த உச்சம்?”

“எனக்கும் இப்பத்தான் தெரியுது.”

“இதோ, மொத வருஷத்துலேருந்து அவன் பட்டையோட பதிவு. நீ வர்ற வரைக்கும் ஊன்றலே கிடையாது. கடைசி வரிசை. அவன் எப்படி உறைமோராவான்?”

நான் அவரைக் கேலி செய்ய வந்த வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“மொதல்ல அவன் பால்தான் மேடம். ஆனா உறைஞ்ச பிறகு அதுலேருந்து ஒரு கரண்டி எடுத்து வேற பால்ல விட்டா அதுவும் உறையுமே. வீட்ல தினமும் அதத்தானே செய்யுறோம்?”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “நாப்பது பேருன்னு கணக்குப் போட்டு உங்களையே கசக்கிட்டிருந்தோம்.”

“நாப்பதோட நின்னது உங்க கணக்கு. அவன்கிட்ட யாரும் இடம் பிடிச்சு வைக்கச் சொல்லிக் கேட்டதில்ல. நான் கேக்கக்கூட இல்ல, அவனாக் கை நீட்டுனான். அந்தக் கட்டுரையத் திருப்பி வாங்கிக்கோங்க மேடம். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அதுக்குப் பதிலா ஒண்ணு செய்யுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி பட்டை ஒரு வார்த்தை கேக்கட்டும். எதுக்கு அனுப்புறோம்னு சொல்லட்டும். முடியாதுன்னா விட்டுரட்டும்.”

“கேட்டா எவன் வருவான் அரசி?”

“கேட்டுப் பாருங்க.”

தை பிறந்ததும் மாற்றினார்கள். ஆய்வகத்தில் எனக்கு மேசை ஒதுக்கிய வாரம் அது. சாயங்காலம் கேன்டீன் பின்கட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, எனக்குப் போகவேண்டும் போல இருந்தது. பெனடிக்டின் மேசையைச் சுற்றி இப்போது முதலாண்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். என் நாற்காலியில் நீலக் கட்டக் கர்ச்சீப் இன்னும் இருந்தது. நன்றாகத் துவைத்து மடித்து வைத்திருந்தான்.

“எப்ப வேணாலும் வருவீங்கன்னு தெரியும்க்கா” என்றான். கடைசிப் பேப்பர் மட்டும்தான் பாக்கியாம்.

நான் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். அப்போது அவன் மணிக்கட்டு துடித்தது. குனிந்து வாசித்தவன் நிமிரவில்லை. பட்டையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

‘கிழக்கு விடுதி உணவுக்கூடத்தில் நால்வருக்குப் படிப்பு வரவில்லை. நீங்கள் அருகில் உட்கார்ந்தால் வரும். ஒரு மணி நேரம் வர இயலுமா? இல்லையென்றாலும் பரவாயில்லை.’

“என்னயவா கேக்குது?”

“உன்னயத்தான்.”

“நான் அரியர்க்காரன்க்கா.”

“அதுக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் கேக்குது.”

பெனடிக்ட் அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை அவனைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னவர்கள்தான் உண்டு, வர முடியுமா என்று கேட்டவர்கள் இல்லை. மூக்கை உறிஞ்சினான். சாம்பார் நெடி என்று ஒரு பொய் சொன்னான். பிறகு சரி என்று அழுத்திவிட்டு, புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழுந்தான். இரண்டடி போனவன் திரும்பி வந்து, பையிலிருந்து தன் கர்ச்சீப்பை எடுத்துத் தன் நாற்காலியில் போட்டான்.

“அக்கா, பாத்துக்கங்க. ஒரு மணி நேரத்துல வந்துருவேன். எனக்கும் நாளைக்குப் பரீட்சை இருக்கு.”

அவன் வரும்வரை அந்த நாற்காலியில் நான் ஒருவரையும் உட்கார விடவில்லை.